மறதியும் கைமொழியும்

மன்னார்த் தீவின் கரையூர்களுள் ஒன்று கீரி. இத்தகைய ஊர்களிற் செவிப்புலனின்றிப் பிறந்த பிள்ளைக்கு முதன்மொழி வீட்டார் காட்டும் சைகையே. பாடசாலையோ நெடுந்தொலைவில் இருந்தது. 1912ஆம் ஆண்டில் மேரி சாப்மன் அம்மையார் தென்னிலங்கையிற் செவிப்புலனற்றோர்க்கும் விழிப்புலனற்றோர்க்கும் கல்விக்கூடம் நிறுவினார். வடக்கிலே கைதடி நவீல்ட் பாடசாலை 1956இல் தோன்றியது. அங்கு முதன்முதற் கால்வைத்த சிறுவர் இன்று எழுபதைக் கடந்த முதியோர். மறதி நோய் வந்தணுகும் பருவம் அது.

அந்நோய்களுள் தலையாயதை ஜெர்மானிய வைத்தியர் அலோயிஸ் அல்சைமர் 1906இல் எடுத்துரைத்தார். அதனை ஆராய்வதற்கு 1975இல் அமெரிக்காவில் வகுக்கப்பெற்ற சிறுதேர்வு உலகெங்கும் பரவிற்று. சொன்ன வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லுதல், எழுதுதல் ஆகியன அதிலுள்ளன. சைகையே மொழியாகக் கொண்டவர் இவற்றிலே தவறினால், நோயில்லாதவரும் நோயாளராய்த் தோன்றுவர். மறுபுறம், மெய்யான மறதியையும் ‘காது கேளாமையால் வந்த குழப்பம்’ என்று தள்ளிவிடுதல் கூடும்.

இக்குறைக்கு ஒரு பழைய வேருண்டு. 1880இல் மிலான் மாநாடு வாய்மொழிக் கல்வியே மேலென்று தீர்மானித்துச் சைகையை வகுப்பறையினின்று ஒதுக்கியது. சைகையும் இலக்கணமுடைய மொழியே என்பதை வில்லியம் ஸ்டோக்கோ 1960இல் நிறுவினார். மூளையின் இடப்பாகம் பழுதுற்றாற் பேச்சுக் குலைவதுபோலச் சைகையும் குலையும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

ஆகவே இங்கு உரைபெயர்ப்பாளர் பணி தனித்தன்மை வாய்ந்தது. பிற இடங்களில் தடுமாறும் கூற்றைச் செம்மைப்படுத்துதல் உதவியாகலாம். இங்கு அதுவே தீங்காகும். நோயாளரின் கை பிழைத்தால் அப்பிழையையே வைத்தியருக்கு உரைத்தல் வேண்டும். செம்மைப்படுத்தியவிடத்து நோய் மறைந்துபோகும். உறவினர் உரைபெயர்க்கும்போது இந்த இடர் மிகுதி. அன்பினாலே இடைவெளிகளை நிரப்பிவிடுவர். ஆயினும் வீட்டுச் சைகையின் பொருளை அவரே அறிவர். எனவே இருவரும் அருகிருத்தல் நன்று.

பிரித்தானியாவிலே ஜோஆனா அட்கின்சனும் உடனாய்வாளரும் சைகை மொழியிலேயே ஆக்கிய தேர்வு 2015இல் வெளியாயிற்று. பழைய வினாக்களைப் பெயர்த்தல் மட்டும் போதாதென்பதற்கு அதுவே சான்று. தேர்ச்சிபெற்ற சைகை உரைபெயர்ப்பாளரைக் கிடைக்கச் செய்தல் அரசின் கடமையென உரைக்கும் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்புறுதி செய்தது. அந்த உறுதி கீரிக் கரைவரை எட்டினாலன்றி, அங்குள்ள முதியோரின் கைகள் இறுதியிற் பேசுவதைக் கண்டுகொள்வார் இலர்.