வெளியிணைப்பு இயந்திரத்தின் கீழ்ப்பகுதி

வெளியிணைப்பு இயந்திரம் அல்லது அவுட்போர்டு மோட்டார் என்பது படகின் பின்பலகையில் வெளிப்புறமாகப் பொருத்தப்படும் இயந்திரம் ஆகும். இதில் நீருள் அமிழ்ந்திருக்கும் பற்சக்கரப் பெட்டியே கீழ்ப்பகுதி எனப்படுகிறது. செங்குத்தான இயக்கத்தண்டின் சுழற்சியைக் கிடைமட்டமாகத் திருப்பிப் புரொப்பெல்லருக்கு அளிப்பது இதன் பணியாகும். பழைய இயந்திரங்களில் இதன் பற்சக்கரங்களையும் உறையையும் மாற்றுவது புதுப்பித்தலின் முக்கிய கட்டமாகும்.

வரலாறு

அமெரிக்காவின் மில்வாக்கி நகரைச் சேர்ந்த ஓலே எவின்ரூட் 1909 இல் இவ்வியந்திரங்களை வணிக நோக்கில் தயாரிக்கத் தொடங்கினார். தொடக்கக்கால இயந்திரங்கள் பலவற்றில் ஓரிணைப் பற்சக்கரங்களே இருந்தன. பின்னோக்கிச் செல்ல இயந்திரத்தையே திருப்ப வேண்டியிருந்தது. 1949 இல் வெளிவந்த 10 குதிரைத்திறன் ஜான்சன் இயந்திரத்தில் முன், நடுநிலை, பின் என மூன்று நிலைகள் அமைந்தன. ஜான்சன், எவின்ரூட் இயந்திரங்களைத் தயாரித்துவந்த நிறுவனம் 2000 இல் நொடித்தது. எவின்ரூட் பெயரிலான தயாரிப்பும் 2020 இல் நின்றது. எனவே பல உதிரிப்பாகங்கள் இன்று வேறு பழைய இயந்திரங்களிலிருந்தே பெறப்படுகின்றன.

பழுதுக்கான காரணங்கள்

* நீர்க்கசிவு: தண்டுகளைச் சுற்றியுள்ள ஆயில் சீல் தேய்ந்தால் நீர் உட்புகும். எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பது இதன் அறிகுறி. பேரிங்குகளும் பற்சக்கரங்களும் துருப்பிடிக்கும்.
* உறைபனி: உட்புகுந்த நீர் குளிர்காலத்தில் உறைந்து விரிவதால் அலுமினிய உறை வெடிக்கும்.
* அரிப்பு: உவர்நீரில் அலுமினியம் அரிக்கப்படுகிறது.
* மோதல்: புரொப்பெல்லர் பாறையில் மோதினால் மென்மையான உலோக ஆணி ஒன்று முறிந்து பற்சக்கரங்களைக் காக்கும். அதற்கு மாற்றாக எஃகு ஆணியைச் செருகினால் பற்சக்கரங்களே உடையக்கூடும்.
* மெதுவாகக் கியர் மாற்றுதல்: இணைப்பானின் முனைகள் மழுங்கி, ஓடும்போதே கியர் விலகும்.

மாற்றும் முறை

முதலில் எண்ணெயை வடித்து, அதில் நீரோ உலோகத் துகள்களோ உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். கியர் மாற்றுத் தண்டை விடுவித்த பின்னரே கீழ்ப்பகுதியைக் கழற்ற வேண்டும். 1950களின் ஜான்சன், எவின்ரூட் இயந்திரங்கள் பலவற்றில் உறை இரு துண்டுகளாகப் பிரியும். அவற்றின் இணைப்பில் கயிறு போன்ற அடைப்பான் இருக்கும்.

வெளித்தோற்றத்தில் ஒத்த உறைகளிலும் பற்களின் எண்ணிக்கை வேறுபடலாம். ஆகவே மாதிரி எண்ணையும் பற்களின் எண்ணிக்கையையும் ஒப்பிட வேண்டும். ஒன்றோடொன்று தேய்ந்து பழகிய பற்சக்கரங்களைத் தொகுதியாகவே மாற்றுவது நன்று. பற்களுக்கிடையேயான இடைவெளி சிம் எனப்படும் மெல்லிய வளையங்களால் சரிசெய்யப்படுகிறது. சீல்களையும், குளிர்நீர்ப் பம்பின் இரப்பர்ச் சக்கரத்தையும் அப்போதே புதிதாக்குவது வழக்கம்.

சோதனை

பூட்டிய பெட்டியுள் குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி நீரில் அமிழ்த்தினால், கசிவுள்ள இடத்தில் குமிழிகள் எழும். கசிவு இல்லையென உறுதியான பின், கீழ்த்துளை வழியாக எண்ணெய் செலுத்தப்படுகிறது. மேல்துளையில் எண்ணெய் வழியும்போது உள்ளிருந்த காற்று வெளியேறிவிட்டதெனக் கொள்ளலாம். நீர் நுழைந்த வழியைக் கண்டறியாமல் பற்சக்கரங்களை மட்டும் மாற்றினால், அரிதாகக் கிடைத்த பாகங்களும் அதே நீரால் பழுதடையும்.

இவற்றையும் பார்க்க

* பற்சக்கரம்
* படகு
* உள் எரி பொறி