கடிகார வாரின் வெட்டுமுகம்

சென்ற ஞாயிறன்று என் கைக்கடிகாரத்தின் தோல்வார் கொக்கியருகே பிய்ந்துவிட்டது. புதிது வாங்க மனமில்லை. குத்தூசி, மெழுகு தடவிய நூல், ரப்பர் பசை ஆகியவற்றுடன் திண்ணையில் அமர்ந்தேன். வியர்வையில் இற்றுப்போன நூலைப் பிரித்து, இரண்டாகப் பிளந்த தோலைத் துடைத்தபோதுதான் அதைக் கவனித்தேன். மேல்தோலின் வெட்டுமுகம் சாம்பல் கலந்த நீலம்; மணிக்கட்டைத் தொடும் உள்தோலின் வெட்டுமுகம் முழுப் பழுப்பு. பாலாற்றங்கரையில் வாழும் எங்களுக்கு அவ்விரு நிறங்களும் இரண்டு காலங்கள்.

பழுப்பு மூத்தது. சுண்ணாம்புக் குழியில் மயிர் நீக்கிய தோலை ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறவைத்துக் கடுக்காய் நீரில் முடிப்பார்கள். பட்டையின் துவர்ப்பு தோலின் புரதத்தைப் பிணைத்து அழுகாமல் காக்கும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் இத்தொழில் வேரூன்றப் பாலாற்று நீர் உதவியது. 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய ரயில், சரக்கைச் சென்னைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்ல வழி திறந்தது. வணிகத்தை நடத்தியோரில் தமிழ் முஸ்லிம்கள் மிகுதி. குழியில் இறங்கியோரில் தலித்துகள் மிகுதி.

நீலம் பின்னர் வந்தது. 1903-இல் சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் குரோம் உப்பால் பதனிடும் சோதனைகளைத் தொடங்கினார். கவலை இறைக்கும் தோற்பறி நீரில் நெடுநாள் உழைக்க வேண்டும் என்பது அவர் நோக்கங்களுள் ஒன்று. வாரங்கள் கேட்ட வேலையைக் குரோம் ஓரிரு நாளில் முடித்தது. 1948-இல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தோன்றியது. 1970-களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்த, காலணியும் கைப்பையும் செய்யும் ஆலைகள் பெருகின. சுழலும் மர உருளைகளிலிருந்து வெளியேறிய கழிவுநீரோ நிலத்திலும் ஆற்றிலும் கலந்தது.

அதன் கணக்கு நீதிமன்றத்தில் பதிவாகியிருக்கிறது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 13 கிராமங்களில் ஆராயப்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்றும், ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாது போயிற்று என்றும் அத்தீர்ப்பு எடுத்துரைக்கிறது. மாசுபடுத்துபவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாடு இந்நாட்டுச் சட்டத்தில் இவ்வழக்கின் வழியே உறுதிப்பட்டது. ஆயினும் 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது.

சிலப்பதிகாரம் புகார் நகரத்துக் கைவினைஞர் வரிசையில் தோல் தைக்கும் துன்னரையும் வைத்துப் போற்றுகிறது. அப்பகுதியை நடத்தும்போது வகுப்பில் சில தலைகள் கவிழ்வதைப் பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன். தந்தையின் தொழிலைக் கேட்டால் 'கம்பெனி வேலை' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். இளங்கோவடிகள் தயங்காமல் சொன்ன பெயரைச் சொல்ல அப்பிள்ளைகள் கூச வேண்டிய நிலையை உண்டாக்கியவர்கள் நாம்தான். காசு ஒரு பக்கமும் நஞ்சும் இழிவும் மறுபக்கமுமாகப் பங்கிடப்பட்டதே இத்தொழிலின் வரலாறு.

பசை தடவி இரு தோலையும் அழுத்தி வைத்தேன். காய்ந்தபின் ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, பழைய துளைகளின் வழியே எதிரெதிராகச் செலுத்தித் தைத்தேன். இப்படித் தைத்தால் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற தையல் எளிதில் பிரியாது. அரைமணி நேரத்தில் பன்னிரண்டு தையல்கள். சற்றுக் கோணல்தான், ஆனால் பிடித்துக்கொண்டது. நீலமும் பழுப்பும் மீண்டும் ஒட்டி உள்ளே மறைந்தன.

இதுவரை பிய்ந்த வார்களைத் தயங்காமல் எறிந்திருக்கிறேன். இனி முடியாது என்று தோன்றுகிறது. இச்சிறு துண்டுக்காக ஏதோ ஒரு கிணறு ஏற்கெனவே விலை கொடுத்துவிட்டது.