வழக்கத்துக்குள் நடந்த போர்

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் நிறுவப்பட்டது. 1965இல் முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளியே வந்தது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் வளர்ந்த எங்களுக்கு டாங்கி உள்ளூர்ச் சரக்கு; போர் மட்டும் வேறெங்கோ நடப்பது. அது அடுத்த தெருவிலும் நடக்கிறது என்பதை ஒரு மாணவியிடம் கற்றேன்.

இளங்கலை வகுப்பில் அவள் எப்போதும் கதவோரம்தான் உட்காருவாள். மேசையில் டஸ்டரைத் தட்டினால் அவள் உடம்பு தூக்கிப்போடும். "மணியடிக்கும் முன்னாடி ஓடத்தானே அங்கே உட்கார்றே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அன்று பேசாமல் நின்றாள். படிப்பு முடிந்து சான்றிதழ் வாங்க வந்த நாளில் சொன்னாள்: அப்பா குடித்துவிட்டு வரும் இரவுகளில் கதவுக்குப் பக்கத்தில் படுத்தால்தான் தம்பியை இழுத்துக்கொண்டு வெளியே ஓட முடியும். "அப்படியே பழக்கமாயிடுச்சு மேடம்."

அந்தப் பழக்கத்துக்கு மருத்துவத்தில் பெயர் உண்டு. ஆனால் அந்தப் பெயரின் வரலாறு ஆண்களைக் கொண்டே எழுதப்பட்டது. 1915இல் சார்லஸ் மயர்ஸ் என்ற மருத்துவர் 'லான்செட்' இதழில் குண்டதிர்ச்சி பற்றி எழுதினார். நடுங்கிய சிப்பாய்களைப் பலர் கோழைகள் என்றார்கள். முதல் உலகப் போரில் கோழைத்தனம், படையைவிட்டு ஓடியது போன்ற குற்றங்களுக்காக பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக் கொன்ற 306 பேருக்கு 2006இல்தான் மன்னிப்பு கிடைத்தது.

1974இல் பாஸ்டனில் ஆன் பர்ஜஸ், லிண்டா ஹோல்ம்ஸ்ட்ராம் என்ற இரு பெண்கள், பாலியல் வன்முறைக்கு ஆளாகி மருத்துவமனைக்கு வந்தவர்களிடம் கெட்ட கனவு, தூக்கமின்மை, திடுக்கிடல் ஆகியவற்றைப் பதிவு செய்தார்கள். போரிலிருந்து திரும்பியவர்களிடம் கண்ட அதே அறிகுறிகள். ஆனாலும் 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் இந்நோயைத் தன் கையேட்டில் சேர்த்தபோது முன்னால் நின்றவர்கள் வியட்நாம் போர்வீரர்களே. வழக்கமான மனித அனுபவத்துக்கு வெளியே நடந்த ஒன்றே இதற்குக் காரணமாகும் என்றது அந்தக் கையேடு.

யாருடைய வழக்கம்? தினம் அடிவாங்கும் பெண்ணுக்கு அடி வழக்கத்துக்கு உள்ளேதான் இருக்கிறது. பெண்ணிய உளவியலாளர்கள் இதைத்தான் கேட்டார்கள். 1992இல் ஜூடித் ஹெர்மன் வீட்டு வன்முறையையும் போரையும் ஒரே நூலில் வைத்துப் பேசினார். 1994இன் திருத்தப் பதிப்பில் அந்த வரையறை நீங்கியது.

தமிழில் இதற்கு 'மனவடு' என்ற சொல் வழங்குவதில், போருக்கு நடுவே யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரத்துக்குப் பெரும் பங்குண்டு. நல்ல சொல். புண்ணையும் வடுவையும் வள்ளுவரே ஒரு குறளில் பிரித்துக் காட்டியிருக்கிறார். வடு அழியாமல் போகலாம், வலி குறையலாம்.

குறைக்க வழிகள் உண்டு. நடந்தது மறுபடி கண்முன் நடப்பது, அதை நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது, எப்போதும் விழிப்பாகவே இருப்பது, தன்னையே பழிப்பது: இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் உதவி தேட வேண்டும். பயிற்சி பெற்றவரிடம் அந்நினைவைச் சிறிது சிறிதாகப் பேசிக் கடப்பதே முதன்மையான சிகிச்சை. மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் உதவும். தூக்க மாத்திரையை மட்டும் கொடுத்து அனுப்புவது சிகிச்சையாகாது. கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தில் வெளிநோயாளிப் பிரிவு உண்டு. 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

ஆனால் ஹெர்மன் சொன்ன முதல் படி பாதுகாப்பு. அடிப்பவன் இரவு வீட்டுக்கு வருவான் என்றால் அவளுடைய விழிப்பை நோய் என்று எப்படிச் சொல்வது? அதனால் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டமும், 181 என்ற உதவி எண்ணும், போய்த் தங்க ஓர் இடமும் சிகிச்சையின் பகுதிகள்தான்.

இப்போது யாராவது கதவோரம் உட்கார்ந்தால் நான் காரணம் கேட்பதில்லை. டஸ்டரைத் தட்டுவதில்லை. வகுப்பு முடிந்த பிறகு கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கிறேன். சிலர் வந்து பேசுகிறார்கள்.