யாருக்கு எந்த வேலை? பெரட்டிலிருந்து கைப்பேசிவரை

மலாக்கா நகரில் ஒரு பல் கிளினிக், ஜாசினில் ஒரு டியூஷன் மையம், அலோர் காஜாவில் ஒரு காப்புறுதி அலுவலகம். இவற்றில் எதுவானாலும் இன்று கைப்பேசியிலேயே முன்பதிவு செய்துகொள்ள முடிகிறது. நாளையும் நேரத்தையும் தொட்டால், சந்திக்கப்போகிறவர் பெயரும் உடனே வந்துவிடுகிறது. அந்தப் பெயரை எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் ஒரு மென்பொருள். அந்த நேரத்தில் யார் சும்மா இருக்கிறார், யாருக்குத் தமிழ் பேச வரும், இந்த வாரம் யாருக்கு வேலை குறைவாகப் போயிருக்கிறது என்றெல்லாம் பார்த்து அது ஆளைப் பொறுக்குகிறது.

சின்ன வசதிதான். ஆனால், அது பிறந்த கதை நூறு ஆண்டுக்கு மேல் நீளமானது. வேலையைப் பங்கு போடும் அதிகாரம் யார் கையில் இருக்கலாம் என்ற வழக்குதான் அந்தக் கதை. அந்த வழக்கை மலாக்காத் தமிழர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் தாத்தா பாட்டிகள் அதைத் தினமும் விடியற்காலையில் பார்த்தவர்கள்.

மலாயாவில் கித்தா மரம் வியாபாரப் பயிராக முதலில் வேரூன்றிய இடங்களில் மலாக்காவும் ஒன்று. இங்கே டான் சே யான் என்பவர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். பிறகு ஜாசின் வட்டாரத்துப் புக்கிட் அசாஹானில் பெரிய தோட்டம் எழுந்தது. மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் வெட்டு முறையை அந்தக் காலத்தில்தான் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி கண்டறிந்திருந்தார். மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் மரம் வெட்ட வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தபின் கங்காணி முறையே ஆள் சேர்க்கும் முக்கிய வழியானது. தம் ஊரிலிருந்து தாம் அழைத்து வந்த ஆட்களைத் தோட்டத்திலும் கங்காணிதான் மேய்த்தார். அன்றன்று வேலைக்கு இறங்கும் ஒவ்வோர் ஆளுக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு.

வெயில் ஏறுவதற்கு முன்புதான் கித்தா மரம் நன்றாகப் பால் சுரக்கும். அதனால் பெரட்டு எனப்படும் காலை ஆள்கூட்டம் இருட்டோடு கூடியாக வேண்டும். கிராணி செக்ரோல் என்ற ஆள்பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். கங்காணியோ மண்டோரோ வேலையைப் பிரிப்பார். அந்தப் பிரிப்பில் இரண்டு அடுக்கு இருந்தது. முதலாவது நிலையானது: ஒரு வெட்டாளுக்கு இத்தனை நூறு மரம், இந்த நிரை, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று முன்பே வகுத்திருப்பார்கள். இரண்டாவதுதான் அன்றைய தலைவலி. காய்ச்சலில் படுத்தவர் மரத்தை யார் வெட்டுவது? இரவு மழையில் பட்டை நனைந்திருந்தால் எத்தனை பேரை வெளிக்காட்டு வேலைக்கு அனுப்புவது? புல் வெட்ட யார், மருந்து அடிக்க யார்?

இதற்கெல்லாம் மண்டோர் கையில் இருந்த கருவி அவருடைய நினைவு மட்டுமே. யாருடைய உளி பட்டையைத் தாண்டி மரத்தைக் காயப்படுத்தும், எந்தப் பெண் கைக்குழந்தையை ஆயாக்கொட்டாயில் விட்டுவிட்டு வருகிறாள், யாருக்கு மேட்டில் ஏற முடியாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அந்த அறிவுக்கு மதிப்புக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால், அதே கையால்தான் வேண்டியவருக்குப் பால் கூடுதலாகக் கிடைக்கும் நிரையையும் வேண்டாதவருக்குச் சரிவில் நிற்கும் மரங்களையும் கொடுக்கவும் முடிந்தது. சம்பளம் பாலின் அளவைப் பொறுத்து இருந்தபோது நிரை என்பது வயிற்றுப்பாடு. எந்த விதிப்படி பிரித்தார் என்பது எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. செக்ரோலில் விழுந்தது பெயர் மட்டுமே, காரணம் விழவில்லை.

1938இல் இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்புவதைத் தடுத்தபின் கங்காணியின் ஆள் சேர்ப்பு ஓய்ந்தது. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி. பி. நாராயணன் பெயரோடு சேர்த்தே அறியப்பட்ட அந்தச் சங்கம், கூலியையும் வேலை நிபந்தனைகளையும் ஒப்பந்தமாக எழுத வைத்தது. ஒருவர் மனத்தில் இருந்த விதியில் ஒரு பகுதியாவது தாளுக்கு வந்தது.

இதே வழக்கு உலகின் மறுபக்கத்தில் அதற்கு வெகு முன்பிருந்தே வேறு உருவில் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஈமச்சடங்குத் தொழில் செய்தவர் அல்மன் ஸ்ட்ரௌஜர். அப்போது தொலைபேசி இணைப்பகத்தில் ஓர் ஊழியர் கையால் இணைத்தால்தான் பேச முடியும். தமக்கு வர வேண்டிய அழைப்புகளை அங்கிருந்தவர் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என்று ஸ்ட்ரௌஜர் சந்தேகப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. சந்தேகம் உண்மையோ இல்லையோ, 1891இல் அவர் காப்புரிமை பெற்ற தானியங்கி இணைப்பான் உண்மை. 1892இல் இந்தியானா மாநிலத்து லா போர்ட் ஊரில் அது வேலைக்கு வந்தது. யாரிடம் போக வேண்டும் என்பதை இடையில் இருப்பவர் தீர்மானிக்கக் கூடாது என்ற எண்ணம் அங்கே இயந்திரமானது.

அடுத்தது எத்தனை ஆள் வேண்டும் என்ற கேள்வி. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை செய்த கணிதர் ஏ. கே. எர்லாங், எந்த ஒழுங்குமின்றி வந்து விழும் அழைப்புகளைக் கணக்கில் பிடிக்கலாம் என்று 1909இல் காட்டினார். எத்தனை இணைப்பு இருந்தால் எத்தனை பேர் காத்திருக்க நேரும் என்று சொல்லும் அவருடைய சூத்திரங்கள் 1917இல் வெளிவந்தன. அழைப்பு மையங்கள் இன்றும் ஆள்கணக்குப் போடுவது அந்த வழியில்தான்.

மூன்றாவது, சரியான வேலைக்குச் சரியான ஆள். பத்துப் பேருக்குப் பத்து வேலையை ஆளுக்கொன்றாகக் கொடுக்க 3,628,800 வழிகள் உண்டு. எல்லாவற்றையும் போட்டுப் பார்த்து நல்லதைத் தேர்ந்தெடுப்பது மனிதரால் ஆகாத காரியம். அமெரிக்கக் கணிதர் ஹரால்ட் கூன் 1955இல் இதற்கு ஒரு சுருக்கு வழியை வெளியிட்டார். ஹங்கேரியக் கணிதர் எகெர்வாரி 1931இல் தம் மொழியில் எழுதிய கட்டுரையை, இலக்கண நூலையும் அகராதியையும் வைத்துக்கொண்டு தாமே மொழிபெயர்த்துப் படித்துத்தான் கூன் அதை உருவாக்கினார். அந்த நன்றிக்காக அதற்கு ஹங்கேரிய முறை என்று பெயர் வைத்தார்.

அழைப்பை ஆளுக்குப் பிரிக்கும் கருவி அடுத்து வந்தது. 1973இல் ராக்வெல் நிறுவனம், காண்டினென்டல் விமான நிறுவனத்தின் பயணச்சீட்டுப் பதிவுக்காக கேலக்சி என்ற அழைப்புப் பங்கீட்டுக் கருவியைச் செய்தது. வரும் அழைப்பை வரிசையில் வைத்து, கை ஓய்ந்திருக்கும் ஊழியருக்கு அனுப்புவது இத்தகைய கருவிகளின் வேலை. பின்னாளில் வந்தவை மொழியையும் திறமையையும் சேர்த்துப் பார்த்தன.

கடைசியாகச் சேர்ந்தது நாட்காட்டி. ஒரு கணினியின் நாட்காட்டி இன்னொன்றோடு பேசுவதற்கான பொது வடிவம் 1998இல் வகுக்கப்பட்டது. கூகல் நாட்காட்டி 2006இல் வந்தது. நைஜீரியாவில் பிறந்த டோப்பே அவோட்டோனா 2013இல் அமெரிக்காவில் தொடங்கிய கேலண்ட்லி, முன்பதிவுப் பக்கத்தையே தனித் தொழிலாக்கியது. தமிழர் பங்கும் இதில் உண்டு. திருச்சிக்காரரான கிரிஷ் மாத்ருபூதம், ஷான் கிருஷ்ணசாமியோடு 2010இல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க், வாடிக்கையாளர் புகார்களை ஊழியர்களுக்குத் தானாகப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள். ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறிய அந்த நிறுவனம் 2021இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. ஸ்ரீதர் வேம்புவின் ஜோஹோவும் முன்பதிவுக்கென ஒரு மென்பொருளை விற்கிறது.

இவர்கள் யாரும் கித்தாக்காட்டைப் பார்த்து இதைச் செய்யவில்லை. ஆனாலும் உள்ளே ஓடும் விதிகளைப் பிரித்துப் பார்த்தால் பெரட்டின் கேள்விகள் அப்படியே நிற்கின்றன. முறை வைத்து ஆளுக்கொன்றாகக் கொடுப்பது ஒன்று. கைவசம் குறைவாக வைத்திருப்பவருக்கு முதலில் கொடுப்பது இன்னொன்று. மொழியோ திறமையோ பொருந்துகிறவருக்கு மட்டும் கொடுக்கலாம். போன முறை பார்த்தவரிடமே வாடிக்கையாளரைத் திரும்ப அனுப்பலாம். விடுப்பில் இருப்பவரை விலக்குவது, இரண்டு சந்திப்புக்கு நடுவே மூச்சுவிட இடைவெளி விடுவது, வாடிக்கையாளர் வராமல் போனால் அந்த முறையை ஊழியருக்குத் திருப்பித் தருவது என்று துணை விதிகளும் உண்டு.

இந்த விதிகள் ஒன்றோடொன்று மோதும். தமிழ் பேசத் தெரிந்தவர் ஒரே ஒருவர் என்றால், தமிழ் கேட்பவரெல்லாம் அவர் தலையில் விழுவார்கள். அதிகமாக விற்பவருக்கே அதிகச் சந்திப்பு என்று வைத்தால், புதிதாகச் சேர்ந்த பிள்ளை தொழில் பழக இடமே இருக்காது. ஒவ்வொரு விதிக்கும் பின்னால் யாரோ ஒருவர் எடுத்த முடிவு இருக்கிறது. இயந்திரம் பட்சபாதம் பார்க்காது என்பது பாதி உண்மை. விதியை எழுதியவர் பார்த்திருந்தால், இயந்திரம் அதைச் சளைக்காமல் நாள்தோறும் நிறைவேற்றும்.

மலாக்காவில் பல கித்தாக்காடுகள் செம்பனையாகிவிட்டன. பல இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் வந்துவிட்டன. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் கிளினிக்கிலும் அலுவலகத்திலும் கடையிலும் உட்கார்ந்து, கைப்பேசித் திரையில் வரும் வேலையை ஏற்கிறார்கள். நாளைக்கு அந்தத் திரையின் விதியை எழுதப்போகிறவர்களும் அவர்களில் இருக்கிறார்கள்.

அவர்களுக்கும், சொந்தமாகத் தொழில் வைத்திருக்கும் நம்மவர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இது. தானியங்கிப் பங்கீட்டைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஒவ்வொருவரையும் கேட்டுக் கேட்டு ஆள் தேடும் நேரமும் மனக்கசப்பும் மிச்சமாகும். ஆனால், அதை முடுக்கிவிடும் முன் மூன்று காரியம் செய்யுங்கள். எந்த விதிப்படி வேலை பிரிகிறது என்பதை எல்லோருக்கும் புரியும் மொழியில் எழுதி, வேலை செய்கிறவர்கள் கண்ணில் படும்படி ஒட்டுங்கள். உடல்நிலை, குடும்ப நிலை தெரிந்த ஒருவருக்கு விதியை மாற்றும் உரிமையைக் கொடுங்கள்; மாற்றினால் காரணத்தையும் பதிந்து வைக்கச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை, யாருக்கு எத்தனை வேலை போனது என்ற கணக்கை எல்லோர் முன்னும் வையுங்கள். பெரட்டில் நின்ற நம் முன்னோர் தமக்கு ஏன் அந்த நிரை என்று காரணம் கேட்க வழியில்லாமல் வாழ்ந்தார்கள். நம்மிடம் வேலை செய்கிறவர்களுக்கு அந்த வழி கட்டாயம் இருக்க வேண்டும்.