காலிமனைகளில் வளர்ந்த அக்கம்பக்க உறவு: அமெரிக்க நகர்ப் பசுமை, 1973 முதல்

மரங்கள் அடர்ந்த குடியிருப்புகளில் அக்கம்பக்க உறவு வலுவாக இருக்கிறதென்றால், எது காரணம், எது விளைவு? ஒற்றுமையான மக்கள் மரம் வளர்த்தார்களா, மரங்கள் மக்களை ஒன்றுசேர்த்தனவா? அமெரிக்க நகரங்களின் அரைநூற்றாண்டு அனுபவத்தைப் பார்த்தால், பசுமைக்கு உறவை வளர்க்கும் ஆற்றல் உண்டு என்பதும், நிலத்தின்மேல் குடியிருப்போருக்குப் பிடி இல்லாவிட்டால் இரண்டுமே நிலைக்காது என்பதும் தெளிவாகின்றன.

1970களில் நியூயார்க் நகரம் நிதி நெருக்கடியில் தள்ளாடியது. உரிமையாளர்கள் கைவிட்ட கட்டடங்கள் எரிந்தும் இடிந்தும் போக, மனைகள் குப்பைமேடுகளாயின. 1973இல் லிஸ் கிறிஸ்டியும் அவருடைய தோழர்களும் பவரி–ஹூஸ்டன் தெருமுனையில் அப்படியொரு மனையைத் துப்புரவாக்கிப் பாத்தி கட்டினார்கள். மறு ஆண்டே மாதம் ஒரு டாலர் வாடகைக்கு நகராட்சி அதை அவர்களிடம் விட்டது. 1978இல் இத்தகைய தோட்டங்களுக்கு உதவ கிரீன்தம்ப் திட்டம் வந்தது. ஆனால் குத்தகை தற்காலிகமானதே. 1999இல் 114 தோட்டங்களை ஏலம் விட நகராட்சி முனைந்தபோது மக்கள் தெருவுக்கும் நீதிமன்றத்துக்கும் போனார்கள். ஏலத்துக்கு முன்பே இரண்டு பொதுநல அமைப்புகள் அவற்றை விலைக்கு வாங்கின. ஒன்றாக மண் கொத்திய பழக்கமே ஒன்றாகப் போராடும் வலுவையும் தந்தது என்பேன்.

இவர்கள் முன்பே பொதுநல நாட்டமுள்ளவர்கள், தோட்டத்தால் மாறியவர்கள் அல்லர் என்று ஒருவர் வாதிடலாம். நியாயமான ஐயம்தான். அதற்கு விடை சிகாகோவின் ராபர்ட் டெய்லர் குடியிருப்பில் இருக்கிறது. ஒரே மாதிரியான 28 அடுக்குமாடிகள். சிலவற்றின் அருகே மரமும் புல்லும், மற்றவற்றைச் சுற்றி வெறும் சிமென்ட் தளம். யாருக்கு எந்த வீடு என்பதைப் பெரும்பாலும் வீட்டுவசதி நிர்வாகமே முடிவு செய்தது. பிரான்சிஸ் குவோவும் வில்லியம் சல்லிவனும் சக ஆய்வாளர்களோடு 145 குடியிருப்போரிடம் நடத்தி 1998இல் வெளியிட்ட ஆய்வில், பசுமையான பொதுவெளிகளை மக்கள் கூடுதலாகப் பயன்படுத்தியதும், அங்கே அக்கம்பக்க உறவு வலுவாக இருந்ததும் தெரியவந்தன.

பசுமை குடியிருப்போரின் மனநிலையை மாற்றும் என்பதற்கு இதைவிட உறுதியான சான்று பிலடெல்பியாவில் கிடைத்தது. அங்கே 541 காலிமனைகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் குப்பை அகற்றி, நிலத்தைச் சமன் செய்து, புல் விதைத்து, சில மரங்கள் நட்டு, ஆட்கள் நுழைய வழிவிட்டுத் தாழ்வான மரவேலி போட்டார்கள், இன்னொன்றில் குப்பையை மட்டும் அகற்றினார்கள், மூன்றாவதைத் தொடவில்லை. 2018இல் வெளியான முடிவின்படி, பசுமையாக்கிய மனைகளின் அருகே வாழ்ந்தோரில் மனச்சோர்வாக உணர்ந்ததாகச் சொன்னவர்கள், தொடாத மனைகளின் அருகே இருந்தோரோடு ஒப்பிட்டால் 41.5 விழுக்காடு குறைந்தார்கள். குப்பையை மட்டும் அகற்றிய இடங்களில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. ஆக, இதமளித்தது வெறும் துப்புரவு அன்று, பசுமையே.

பசுமை வந்தால் வாடகை ஏறும், ஏழைகள் வெளியேற நேரும் என்பது கனமான மறுப்பு. நியூயார்க் தோட்டங்களைச் சுற்றி மனைவிலை உயர்ந்ததையும், ஏழ்மையான பகுதிகளில் அந்த உயர்வு அதிகமாக இருந்ததையும் 2008இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் இதற்காக மரத்தை மறுப்பது ஏழைகளுக்குச் சிமென்ட் தளமே போதும் என்பதற்கு ஒப்பாகும். குறை நிலவுரிமையில் இருக்கிறது. ராபர்ட் டெய்லர் குடியிருப்பின் கடைசிக் கட்டடம் 2007இல் இடிக்கப்பட்டது. மரநிழலில் வளர்ந்த உறவுகளால் அதைத் தடுக்க முடியவில்லை, ஏனெனில் அந்த மண் குடியிருப்போருடையதாக இருக்கவில்லை. நியூயார்க்கிலோ 2002இல் ஏற்பட்ட உடன்பாடு நூற்றுக்கணக்கான தோட்டங்களைக் காத்தது. எனவே மரம் நடும் திட்டத்தோடு வாடகைப் பாதுகாப்பும் நீண்டகாலக் குத்தகையும் ஒரே ஆணையில் வர வேண்டும்.