எல்லோர்க்கும் உரிய யோகம்

திருகோணமலை என்றவுடன் நினைவுக்கு வருவன கோணேசர் திருக்கோயிலும் ஆழமிகுந்த இயற்கைத் துறைமுகமுமே. அத்துறைமுக நகருக்கு 1953ஆம் ஆண்டில் இருடிகேசத்திலிருந்து துறவி ஒருவர் வந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 1914ஆம் ஆண்டில் பிறந்து, 1949ஆம் ஆண்டில் சுவாமி சிவானந்தரிடம் துறவு பூண்ட சுவாமி சச்சிதானந்தரே அவர். திருகோணமலையில் தொடங்கிய அவரது இலங்கைப் பணி பின்னர் கண்டியிலும் வேரூன்றியது. 1966ஆம் ஆண்டில் அவர் அமெரிக்கா சென்றார். உடலை வருத்தாது மெல்லப் பழகும் முறையையே அவர் கற்பித்தார். சமய வேறுபாடும் அவர் பாராட்டவில்லை.

அம்முறை எத்துணை விரிந்தது என்பதைப் பிரேசில் நாட்டுத் தாய் ஒருவரின் வரலாறு காட்டும். சோனியா சுமார் என்னும் அவ்வம்மையாருக்கு 1972ஆம் ஆண்டில் பிறந்த மகள் ரொபர்ட்டா, டவுன் சிண்ட்ரோம் என்னும் நிலையுடையவள். மனந்தளராத தாய், தாம் கற்ற யோகத்தைக் குழந்தைக்கு ஏற்றவாறு மாற்றிப் பழக்கினார். பின்னாளில் சச்சிதானந்தரின் மாணவியுமானார். அவ்வனுபவம் 1998ஆம் ஆண்டில் ஆங்கில நூலாக வெளிவந்து, பல நாட்டு ஆசிரியர்க்கு வழிகாட்டியது.

இதன் அடிப்படை எளியது. ஆசனத்துக்காக உடலை வளைப்பதன்று. உடலுக்காக ஆசனத்தை வளைப்பதே முறை. நிற்க இயலாதவர் நாற்காலியில் அமர்ந்தே கைகளை உயர்த்தலாம். ஓட்டிசம் எனப்படும் மதியிறுக்கமுடைய பிள்ளைக்கு, ஒரே நேரம், ஒரே இடம், ஒரே வரிசை என்னும் ஒழுங்கு ஆறுதல் தரும். அடுத்து வருவது யாதெனப் படங்களால் காட்டலாம். பேரொலியும் எதிர்பாராத தொடுகையும் அப்பிள்ளையை வருத்தக்கூடும்; ஆதலின் தொடுமுன் அதன் இசைவை அறிதல் வேண்டும்.

யோகத்தால் மதியிறுக்கம் நீங்கிவிடும் என்று எவரேனும் கூறின், அதனை நம்புதல் தகாது. அது தீர்க்க வேண்டிய பிணியன்று, ஒருவரது இயல்பு. மனவமைதி, உடற்கட்டுப்பாடு, பிறரோடு கூடியிருக்கும் மகிழ்ச்சி ஆகியவற்றுக்கு யோகம் துணைசெய்யலாம். மருத்துவத்துக்கும் கல்விக்கும் அது மாற்றாகாது.

இலங்கையில் வலதுகுறைந்தோர் உரிமைகளைக் காக்கும் சட்டம் 1996ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அவ்வுரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை நாடு 2016ஆம் ஆண்டில் ஏற்றது. ஆயினும் ஊரார் பேச்சுக்கு அஞ்சிப் பிள்ளையை வீட்டின் உள்ளறையில் வைத்திருக்கும் தாய்க்குச் சட்டம் மட்டும் கதவைத் திறந்துவிடாது. அயலவர் அழைப்பும் வேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும், 2009 வரை நீடித்த போரின் வடுக்களையும் சுமக்கும் திருகோணமலை மாவட்டத்தில், அத்தகைய அழைப்புக்குத் தேவை மிகுதி.

அதற்கு மாளிகை வேண்டுவதில்லை. படியில்லாத ஒரு பாடசாலை மண்டபமும், சில பாய்களும் நாற்காலிகளும், பொறுமையுள்ள ஓர் ஆசிரியரும் போதும். துறைமுகத்தின் சிறப்பு, பெருங்கப்பலோடு சிறு தோணிக்கும் இடமளிப்பதில் அன்றோ உள்ளது! கடல் கடந்து சென்று பிறநாட்டுக் குழந்தைகளுக்குப் பயன்பட்ட அவ்வறிவு, புறப்பட்ட கரையிலுள்ள குழந்தைகளுக்கும் கிட்டுதல் வேண்டும்.