ஆட்டையில சேர்த்துக்காதவங்க: ஒரு சாப்பாட்டு மணியும் கொஞ்சம் செங்கல்பட்டு வரலாறும்

இங்கே வழக்கமாக ஏரி, மதகு, கல்வெட்டு என்றுதான் எழுதுவேன். இந்த முறை விஷயம் என் வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

போன வருஷம் அம்பத்தூரிலிருந்து ஒரகடம் பக்கம் வீடு மாறினோம். மனைவிக்கு இங்கே ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை. எனக்கு வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளை வருஷத்தின் நடுவில் பக்கத்திலிருக்கும் ஒரு பள்ளியில் சேர்த்தோம். மூன்று வாரம் கழித்து ஒருநாள் டிபன் பாக்ஸ் பாதி சாப்பாட்டோடு திரும்பி வந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் கேட்டேன். "யாரும் என்னை ஆட்டையில சேர்த்துக்க மாட்டேங்கிறாங்கப்பா. சாப்பிடும்போது தனியா உக்கார்றேன், பசிக்க மாட்டேங்குது."

எல்லா அப்பாக்களும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். நீயே போய்ப் பேசும்மா, சிரிச்சுக்கிட்டே கேளு, உன் கலர் பென்சிலைக் கொடு. மறுநாள் கலர் பென்சில் போனது. சேர்க்கை மட்டும் நடக்கவில்லை.

எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். ஒரு தாளில் வகுப்புப் பிள்ளைகள் 26 பேருக்கும் ஆளுக்கு ஒரு வட்டம் போட்டு, சாப்பாட்டு நேரத்தில் யார் யார் பக்கத்தில் போய் உட்காருகிறார்கள் என்று அவளையே சொல்லச் சொல்லி அம்புக்குறி போட்டேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1930-களில் ஜேக்கப் மொரேனோ என்ற மனநல மருத்துவர் நியூயார்க்கில் புரூக்ளின் பள்ளி ஒன்றில், யார் பக்கத்தில் உட்கார ஆசை என்று பிள்ளைகளைக் கேட்டு இப்படி வரைந்தார். இன்று நாங்கள் சோஷியல் நெட்வொர்க் என்று கோடு எழுதுவதற்கெல்லாம் அந்தப் படங்கள் ஒருவகைப் பாட்டன். அதில் எந்த அம்பும் வந்து சேராத வட்டங்கள் சில எப்போதும் இருக்கும்.

எங்கள் தாளில் அப்படி இரண்டு வட்டம். ஒன்று என் மகள். இன்னொன்று ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன்.

"அப்போ நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா உக்காரலாமேம்மா?"

"அவனுக்குத் தமிழே வராதுப்பா. அவன்கூட யாரும் உக்கார மாட்டாங்க."

அந்த 'யாரும்' என்பதில் அவளும் இருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியவில்லை. எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

*

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் ராமானுஜர், திருக்கோஷ்டியூர் கோபுரம் என்று ஆரம்பிப்பது வழக்கம். அதை எல்லோரும் எழுதியாகிவிட்டது. நான் தேடிப் போனது இன்னொருவரை. பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். இங்கிருந்து சிங்கப்பெருமாள்கோயில் வழியாகக் காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். அவ்வளவு பக்கம்.

1891-இல் பறையர் மகாஜன சபை, 1893-இல் 'பறையன்' பத்திரிகை, பிறகு தென்னாப்பிரிக்கா, சென்னைச் சட்டசபை, அம்பேத்கரோடு வட்டமேஜை மாநாடு. இதெல்லாம் பொது அறிவுப் புத்தகத்திலேயே இருக்கிறது. நான் சொல்ல வந்தது அவர் 1939-இல் வெளியிட்ட 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்ற சின்னத் தன்வரலாற்றில், கோயம்புத்தூர் கலாசாலை நாட்களைப் பற்றி வரும் சில வரிகளை. சுமார் 400 மாணவர்கள். அதில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். சாதிக் கட்டுப்பாடு கடுமை. யாரிடமாவது சிநேகம் வைத்தால் வீடு எங்கே, குடும்பம் எது என்று கேட்பார்கள். பதில் சொன்னால் இழிவாக நடத்துவார்கள். அதனால் அவர் பள்ளிக்கு வெளியே எங்கேயாவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்தபிறகுதான் வகுப்புக்குள் போவாராம். வகுப்பு விட்டதும், மற்ற பிள்ளைகள் வந்து சேர்ந்துகொள்வதற்குள் வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவாராம். கூடி விளையாட முடியாத கொடுமையை நினைத்து நினைத்துக் கலங்கியதாகவும் எழுதுகிறார்.

எழுதும்போது அவருக்கு ஏறக்குறைய எண்பது வயது. ராஜாக்களையும் மந்திரிகளையும் பார்த்துவிட்ட மனிதர். சுருக்கம் என்று பெயர் வைத்த புத்தகத்தில், விளையாட முடியாமல் போனதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறார். இதை நான் இரண்டு மூன்று முறை திரும்பப் படித்தேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு நடந்ததும் அவருக்கு நடந்ததும் ஒன்றல்ல. அவள் நடுவருஷத்தில் வந்தவள், அவ்வளவுதான். அவருடையது ஊரும் சாஸ்திரமும் சேர்ந்து கட்டிய சுவர். இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் அது பொய்க் கணக்கு. ஆனால் மணி அடிக்கும்வரை வெளியே நிற்கும் பையன் ஒருவனை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தபோது, நான் என் மகளுக்குச் சொன்ன புத்திமதியின் கோளாறு தெரிந்தது. 'நீயே போய்ப் பேசு' என்று அந்தப் பையனிடம் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? போய்ப் பேசுவதுதான் அவருக்கு ஆபத்தே. வெளியே நிற்கும் பிள்ளையைச் சரிசெய்ய எதுவும் இல்லை. மாற வேண்டியது உள்ளே இருக்கும் ஏற்பாடு.

அந்தப் பையன் பெரியவரானதும் அதைத்தான் செய்தார். 1924-இல் சென்னைச் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத் தெரு, பொதுக் கிணறு, குளம், அரசாங்க அலுவலகம், பொது இடம் எதிலும் தாழ்த்தப்பட்டவர்கள் நடக்கவும் புழங்கவும் தடை கிடையாது என்பது சாரம். அரசாங்கமும் அதை ஏற்று அறிவித்தது. ஒடுக்கப்பட்டவர்களைப் பார்த்து 'தைரியமாக நடங்கள்' என்று உபதேசிக்கும் தீர்மானம் இல்லை அது. மற்றவர்களைப் பார்த்து 'வராதே என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை' என்று சொன்ன தீர்மானம்.

இதோடு சம்பந்தமே இல்லாத மாதிரி தெரியும் ஒரு புத்தகம். சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லேபரட்டரி பள்ளியில் மழலையர் வகுப்பு எடுத்த விவியன் பேலி என்ற ஆசிரியை 1992-இல் எழுதியது. அவர் வகுப்பிலும் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று முடிவெடுக்கும் குட்டி முதலாளிகள் இருந்தார்கள். பேலி ஒரே ஒரு விதி போட்டார்: 'நீ விளையாட வராதே என்று யாரும் யாரையும் சொல்லக்கூடாது.' போடுவதற்கு முன் பெரிய வகுப்புப் பிள்ளைகளிடமும் கருத்துக் கேட்டார். நியாயம்தான், ஆனால் நடக்காது என்று பலர் சொன்னார்கள். நம்மூர் டீக்கடை பெஞ்சில் கேட்டாலும் இதே பதில்தான் வந்திருக்கும். விதி போட்டபிறகு முணுமுணுப்பு இருந்தது. அவர் எதிர்பார்த்ததைவிடச் சுலபமாக நடைமுறைக்கு வந்தது என்கிறார். சீனிவாசன் தெருவுக்குக் கேட்டதை இவர் விளையாட்டு மூலைக்குக் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

நம்மிடமும் ஒரு ஏற்பாடு இருந்தது: ஒப்புக்குச் சப்பாணி. பெயர் நன்றாக இல்லைதான், இன்றைக்கு யாரும் அப்படிப் பெயர் வைக்க மாட்டோம். ஆனால் யோசித்துப் பாருங்கள், தம்பியை விட்டுவிட்டு விளையாடினால் அம்மா திட்டுவாள் என்பதற்காக, அவுட் கிடையாது, கணக்கில் வராது, ஆனால் ஓடலாம் என்று ஒரு இடத்தைப் பிள்ளைகளே உண்டாக்கியிருக்கிறார்கள். காய் விட்டால் பழம் விடவும் ஒரு விரல் வைத்திருந்தார்கள். கவனித்தால், அங்கேயும் 'விட்டுட்டு விளையாடாதே' என்ற உத்தரவு அம்மாவிடமிருந்து வந்ததுதான்.

*

பள்ளி விஷயத்தில் நம் ஜில்லாவின் வரலாறு நேர்க்கோடு இல்லை. 1891-இல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கை பஞ்சமி நிலத்துக்காகப் பேசப்படுவது. 1893-இல் பஞ்சமர் கல்விக்கென்று தனி அரசாணையும் வந்தது. ஆனால் நடைமுறையில் பெரும்பாலும் கிடைத்தது தனிப் பள்ளி. எழுத்து வந்தது, பக்கத்து இருக்கை வரவில்லை. சேரன்மாதேவி குருகுலத்தில் 1924-இல் வெடித்த சண்டையும் எழுத்தைப் பற்றியதல்ல. இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதைப் பற்றியது. காங்கிரஸையே உலுக்கிய விவகாரம், தொடங்கிய இடம் ஒரு சாப்பாட்டு மணி.

நீதிக்கட்சிக் காலத்தில் 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட ஆரம்பித்தது. பிறகு காமராஜர் 1956, எம்.ஜி.ஆர். 1982, காலை உணவு 2022. பசிக்காகத்தான் எல்லாம். ஆனால் ஒரே வரிசை, ஒரே சாதம் என்பது பசியைத் தாண்டிய வேலையையும் செய்தது. எல்லா இடத்திலும் சுமுகமாக இல்லை. 2018-இல்கூட அவிநாசிப் பக்கம் தலித் பெண் சமைத்ததைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று பெற்றோர் சிலர் தகராறு செய்தார்கள். பிள்ளைகள் அல்ல, பெற்றோர்.

எனக்குப் பிடித்த உள்ளூர்ச் சங்கதி ஒன்று உண்டு. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு நம் காஞ்சிபுரம் பக்கத்து நெய்யாடுபாக்கத்துக்காரர். அவர் காலத்தில் ஊர்மக்களே பள்ளிக்குப் பெஞ்சு, கரும்பலகை, சீருடை எல்லாம் கொடுக்கும் பள்ளிச் சீரமைப்பு இயக்கம் 1958-இல் கடம்பத்தூரில்தான் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து திருவள்ளூர் போகிறவர்கள் பக்கத்தில்தான் கடந்து போகிறோம், எந்தப் பலகையும் கண்ணில் பட்டதில்லை. கிழிசல் சட்டை போட்ட பையனிடம் 'கூச்சப்படாதே' என்று சொல்லாமல், எல்லோருக்கும் ஒரே சட்டை என்று முடிவெடுத்தவர்கள் அவர்கள்.

இன்றைக்கு இந்தச் சாலையில் சட்டை ஒன்றுதான், பாஷைதான் வேறு. 1990-களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை வந்ததிலிருந்து ஒரகடம், வல்லம் வடகால் என்று வரிசையாகத் தொழிற்பேட்டைகள். முதலில் தென்மாவட்டத்துப் பையன்கள் வந்தார்கள், பிறகு பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம். தனியாட்களாக வந்தவர்களில் சிலர் இப்போது குடும்பத்தோடு இருக்கிறார்கள். மளிகைக்கடைக்காரர் இந்தியில் விலை சொல்கிறார். பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்கள். செங்கல் சூளைகளுக்கு வரும் மேற்கு ஒடிசாப் பிள்ளைகளுக்காகத் திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் ஒடியாப் புத்தகம், ஒடியா தெரிந்த ஆசிரியர் வைத்து வகுப்புகள் நடந்திருக்கின்றன. நல்ல வேலை. ஆனால் 1893-இன் அதே கேள்வி அங்கேயும் நிற்கிறது: எழுத்து சரி, பக்கத்தில் உட்காருவது யார்?

*

வகுப்பு ஆசிரியையைப் பார்க்கப் போனேன். "குழந்தைங்கன்னா அப்படித்தான் சார், ரெண்டு வாரத்துல தானா சரியாயிடும்" என்றார். நான் என் மகளைப் பற்றிப் புகார் சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார் போல. தாளை எடுத்து மேஜையில் விரித்து, இரண்டு வட்டத்தையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். "இந்தப் பையன் லஞ்ச்ல எங்க உக்கார்றான்னு நான் கவனிச்சதே இல்லையே சார்" என்றார். நாற்பது நிமிஷத்தில் 26 பிள்ளைகளுக்குச் சோறு இறங்க வைப்பவர் அவர், அவரைக் குறை சொல்ல நான் யார்? என் பெண்ணே கவனிக்கவில்லை. நானும்தான், அதே தெருவில் குடியிருக்கிறேன்.

பேலியின் விதியைச் சொன்னேன். அவர் அதைவிட நல்லதாக ஒன்று செய்தார். திங்கட்கிழமை சீட்டுக் குலுக்கி, அந்த வாரம் முழுக்க நாலு நாலு பேர் ஒரே பாயில் சாப்பிட வேண்டும் என்று வைத்தார். யாரும் யாரையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. முதல் வாரம் இரண்டு பெற்றோர் வந்து ஏன் என்று கேட்டார்களாம். சமாளித்துவிட்டார்.

வீட்டில் நாங்கள் மாற்றியது ஒன்றுதான். 'இன்னிக்கு உன்னைச் சேர்த்துக்கிட்டாங்களா?' என்று வாசலிலேயே விசாரிப்பதை நிறுத்தினோம். அந்தக் கேள்விக்குப் பயந்தே அவள் பஸ்ஸைவிட்டு இறங்க யோசித்திருக்கிறாள். அதற்குப் பதில், தினமும் இல்லாமல் எப்போதாவது, 'இன்னிக்கு யாராவது தனியா இருந்தாங்களா?' முதலில் 'தெரியலப்பா' என்றாள். பிறகு பெயர்கள் வர ஆரம்பித்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு பெண்ணை வீட்டுக்குக் கூப்பிட்டோம். கூட்டத்தோடு சேருவதைவிட ஒருத்தியோடு சேருவது சுலபம் என்று கண்டுபிடித்தவள் என் மனைவி, நான் அல்ல.

மூன்றாவது வாரச் சீட்டில் அந்தப் பையனும் இவளும் ஒரே பாய். வியாழக்கிழமை பையைப் போட்டதும் முதல் செய்தி: "அப்பா, அவன் என் ரப்பரை எடுத்துக்கிட்டுத் தரவே மாட்டேங்கிறான்."

"மிஸ்கிட்ட சொல்லட்டுமா?"

"வேண்டாம்ப்பா, நாளைக்கும் அவன் என் பாய்லதானே. நானே புடுங்கிக்கிறேன்."

டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தேன். காலி.